ஐந்தாம் பாகம் மட்டும் ஏன் புதுசாகவே இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது முப்பத்தாறு, காலடிப்பேட்டையில் வீடு. துறைமுகத்துக்கு கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். ஜீரோ கேட் வரிசையில் மாட்டினால் மூன்று மணி நேரமும் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும். போனையே பார்த்துச் சலித்துப்போய், போன ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பதினோரு நாவல் வாங்கினேன். 'கட்டாயம் படிக்க வேண்டியவை' என்று யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து வாங்கியவை. பொன்னியின் செல்வன் முதல் பாகத்தில் பாதியோடு நின்றுவிட்டது. குற்றமும் தண்டனையும் எழுபது பக்கம் போனேன், யார் யாரென்றே புரியவில்லை. கமலாம்பாள் சரித்திரம் பத்துப் பக்கம் தாண்டவில்லை. இதையெல்லாம் படிக்காதவன் வாசகனே இல்லை என்கிறார் என் சிநேகிதர். புத்தகங்கள் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கிடக்கின்றன, வீட்டில் ஒரே கிண்டல். நான் பரீட்சை எழுதப் போவதில்லை, சந்தோஷத்துக்காகத்தான் படிக்க ஆசை. எனக்கு மூளை போதவில்லையா? பக்கம் தாண்டிப் படிக்கலாமா? ஆடியோவில் கேட்டால் படித்த கணக்கில் வருமா?

பதில்: தம்பி, உங்கள் மூளைக்கு ஒன்றுமில்லை, முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள்.

முப்பத்தோரு வருஷம் வடசென்னையில் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திரும்பி வரும் புத்தகத்தை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். பஸ் டிக்கெட், ரேஷன் கடை ரசீது, காலி மாத்திரை அட்டை, குழந்தையின் கிளிப், ஒருமுறை காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு என்று உள்ளேயிருந்து என்னென்னவோ விழும். எல்லாம் அடையாளத்துக்கு வைத்தவை. வைத்த இடத்திலிருந்து மேலே போகாதவை. முந்நூறு பக்கப் புத்தகத்தில் அந்த டிக்கெட் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் இருக்கும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் அலமாரியில் வரிசையாக நிற்க வைத்தால் பக்கத்தைப் புரட்டவே வேண்டாம், முதுகைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். முதல் பாகம் மூன்று தடவை தைத்து, காலிகோ துணி ஒட்டி, அதுவும் கிழிந்திருக்கும். இரண்டாம் பாகத்துக்கு ஒரே ஒரு டேப். ஐந்தாம் பாகம் மாப்பிள்ளை மாதிரி புதுசாக நிற்கும். முதல் பாகத்தோடு விட்டவர்களில் வக்கீல் இருந்தார், ஆசிரியர்கள் இருந்தார்கள், தமிழில் எம்.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். நீங்கள் பெரிய கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான். உங்கள் சிநேகிதரிடமும் அவர் டிக்கெட் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்களேன்.

சரி, ஏன் நிற்கிறது? இந்த நாவல்களில் பல, புத்தகமாகப் பிறந்தவையே அல்ல. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை. மொத்தம் கிட்டத்தட்ட முந்நூறு அத்தியாயம், ஓடியது மூன்றரை வருஷம். அன்றைக்கு அதைப் படித்தவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு அத்தியாயம்தான் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, மணியம் வரைந்த படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நந்தினி அடுத்து என்ன செய்வாளோ என்று ஒரு வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே கதையை நாம் ஐந்து கட்டுகளாக வாங்கி வந்து பொங்கல் லீவுக்குள் முடிக்கப் பார்க்கிறோம், முடியாமல் போனால் நம்மையே திட்டிக்கொள்கிறோம். நீங்கள் பாதியில் நிறுத்திய மற்ற இரண்டும்கூடத் தொடர்கதைதான். கமலாம்பாள் 1893லிருந்து விவேக சிந்தாமணியில் வந்தது. தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866ல் ஒரு ருஷ்யப் பத்திரிகையில் தவணை தவணையாக வந்தது. அதனால்தான் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கொக்கி போட்டு நிறுத்துகிறார்கள், முன்னால் சொன்னதையே சில இடத்தில் திரும்பவும் சொல்கிறார்கள். போன வாரம் படித்தவனுக்கு மறந்திருக்கும் இல்லையா?

வாரம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து நீங்கள் இரண்டாம் பாகத்தின் கடைசியில்தான் இருப்பீர்கள் என்றால் இருந்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு பஞ்சாங்கம் பார்ப்பதுபோலக் கிழமை பார்த்துப் படித்தவர்களும் அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டவர்கள்தான்.

எங்கள் பாட்டிக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. ராயபுரத்தில் அப்போது ஒண்டுக்குடித்தனம், வாசல் பக்கத்தில் ஒரு திண்ணை. பத்திரிகை வந்த அன்றைக்குச் சாயந்தரம் சித்தப்பா அதில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாராம், பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாளாம், நடுவில் யாராவது தண்ணீர் கேட்டால் அடி விழுமாம். அம்மா சொல்லிக் கேட்டது. பாட்டி பொன்னியின் செல்வன் படித்தவளா இல்லையா? என் கணக்கில் ஐந்து பாகமும் படித்தவள், அதில் வந்த குடும்ப விவகாரம் எதைக் கேட்டாலும் சாகும்வரை ஒப்பிப்பாள். ஆகவே ஆடியோவில் கேளுங்கள், தாராளமாகக் கணக்கில் வரும். வரிசையில் நிற்கும்போது மட்டும், வண்டி ஓட்டும்போது வேண்டாம். கல்கி காதுக்காக எழுதியவர் மாதிரியே இருக்கும். எல்லோரும் அப்படி இல்லை, அசோகமித்திரனைக் காதால் கேட்டால் பாதி நழுவிவிடும். அவர் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருப்பார், நீங்களும் அங்கே சும்மா இருக்க வேண்டும், ஆடியோ அதற்கெல்லாம் காத்திருக்காது.

அசோகமித்திரன் பெயரை வேண்டுமென்றேதான் இழுத்தேன். பதினொன்றையும் கொஞ்ச நாள் ஸ்டாண்டுக்குக் கீழேயே விட்டுவிட்டு, அவருடைய 'தண்ணீர்' நாவலை நூலகத்தில் எடுங்கள். சின்னப் புத்தகம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு தெரு, அதில் ஜமுனா, அவள் தங்கை சாயா. வேறு பெரிய சம்பவமெல்லாம் கிடையாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டு பம்பில் தண்ணீர் வருகிறது என்று அலைவது, வரிசை, அதில் நடக்கும் சண்டை, குழாய் போடுகிறோம் என்று தோண்டிப்போட்ட தெரு. நீங்கள் காலடிப்பேட்டைக்காரர். லாரி தண்ணீருக்கு ராத்திரியே குடம் வரிசை போட்டு, பக்கத்து வீட்டுக் குடம் முன்னால் நகர்ந்துவிட்டதா என்று தூக்கத்தில் எழுந்து வந்து பார்த்த வீட்டில்தான் வளர்ந்திருப்பீர்கள். அந்த நாவலை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒரு பேராசிரியர் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அவருக்கு நீங்கள் விளக்கலாம்.

அடுத்தது 'வாடிவாசல்', சி.சு. செல்லப்பா, 1959. நூறு பக்கம்கூட இருக்காது. ஒரே பிற்பகலில் நடக்கும் ஜல்லிக்கட்டு. அப்பனைக் குத்திக் கொன்றது ஜமீன்தாரின் காரிக் காளை, அதை அணைத்து அடக்க மகன் பிச்சி வந்து நிற்கிறான். இதை வரிசையில் படிக்காதீர்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தவேண்டி வந்தால் சூடு ஆறிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஒரே மூச்சில் முடியுங்கள். மதுரைப் பக்கத்துப் பேச்சு முதல் நாலைந்து பக்கம் கொஞ்சம் இடறும், அப்புறம் பழகிவிடும். அப்பா தோற்ற இடத்தில் மகன் இறங்குவது என்றால் என்னவென்று பாக்ஸிங் பரம்பரைகள் இருந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டியல் போடுகிறவர்கள் ஏன் இந்த மாதிரிச் சின்னப் புத்தகங்களை முதலில் சொல்வதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். தடியாக இருந்தால்தான் பெருமை போலிருக்கிறது.

இனி உங்கள் ருஷ்யாக்காரர். எழுபது பக்கம் போயிருக்கிறீர்கள், விடாதீர்கள், இதில் சிக்கல் பெயர் மட்டும்தான். நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். அவர்கள் அந்த இனிஷியலை முழுசாக நீட்டி, மரியாதைக்கு அதையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். ரோடியன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ் என்றால் ரொமான் மகன் ரோடியன், ரஸ்கோல்னிகோவ் என்பது குடும்பப் பெயர். தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, அதே அப்பா, பெண்பிள்ளை என்பதால் முடிவு மட்டும் வேறு. அப்புறம் வீட்டில் கூப்பிடும் பெயர். அவனை அம்மா ரோத்யா என்பாள், தங்கை துன்யா. உங்கள் தெருவில் ஒருத்தனுக்கு ஆதாரில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், ஏரியாவில் பட்டப்பெயர் என்று மூன்று இருக்குமே, அதைவிட இது கஷ்டமில்லை. பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் புத்தகத்தில்தான், நூலகப் புத்தகத்தில் எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எழுதிக்கொண்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். அவன் அப்பாவின் வாட்சை ஒரு கிழவியிடம் அடகு வைக்கப் போகிறான், நினைவிருக்கிறதா? ஒன்றரை ரூபிள்தான் தருவேன் என்கிறாள். கையில் கொடுக்கும்போது அதற்கான வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறாள், அவன் ஏற்கெனவே வாங்கிய இரண்டு ரூபிளுக்கும் வட்டியைச் சேர்த்துப் பிடிக்கிறாள். கடைசியில் அவன் கைக்கு வருவது ஒரு ரூபிள் பதினைந்து கோபெக். எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொள்கிறான். வண்டி டயருக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ வட்டிக்கு வாங்கப் போய், பிடித்தது போக மீதியை எண்ணிக்கொண்டு படியிறங்கியிருந்தால், அந்தக் கோபெக் கணக்கை உங்களால் தாண்டிப் போக முடியாது. நான் முதல் தடவை படித்தபோது தத்துவம், குற்றவுணர்ச்சி என்று முன்னுரையில் போட்டிருந்ததையெல்லாம் தேடிக்கொண்டிருந்ததில் இந்தக் கணக்கைக் கவனிக்கவே இல்லை. மூன்றாம் தடவைதான் கண்ணில் பட்டது, அதற்கப்புறம் அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது, அவன் செய்யப்போவது தெரிந்தும்.

முன்னுரை என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பதிப்பகங்கள் செவ்வியல் நாவல் என்றாலே முன்னால் இருபது பக்கத்துக்கு ஒரு விமர்சகர் கட்டுரையை வைத்துவிடுகின்றன. அதில் கதை முழுக்க வரும், முடிவு உட்பட. கட்டுரை நல்ல கட்டுரையாகவே இருக்கலாம், ஆனால் சாப்பிட்டபிறகு போடவேண்டிய வெற்றிலையை முதலில் கொடுத்தால் எப்படி? நேரே முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். அதேபோல, கல்கி படைப்புகள் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மலிவாகக் கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் சில பதிப்புகளில் எறும்பு சைசில் எழுத்து, வரிக்கு ஒரு பிழை. நீங்கள் வாங்கியது அந்த ரகமாக இருந்தால் நின்றுபோனதற்குப் பாதிக் காரணம் அதுதான். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பொன்னியின் செல்வன் இலவசமாகவே இருக்கிறது, போனில் எழுத்தைப் பெரிசாக்கிப் படித்துக்கொள்ளலாம்.

கமலாம்பாள் விஷயத்தில் உங்கள்மேல் தப்பே இல்லை. ராஜம் ஐயர் அதை எழுதும்போது சின்னப் பையன், இருபத்தாறு வயதில் 1898ல் இறந்தும் போய்விட்டார். அந்தக் காலத்து வடமொழி கலந்த நடை, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும். இதற்கு ஒரே வைத்தியம் வாய்விட்டுப் படிப்பதுதான். கண்ணுக்கு முள்ளாகத் தெரிவது வாயில் வரும்போது பேச்சாகிவிடும். வம்பர் மகாசபை என்று ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் இடம் வரும், அங்கே குரல் மாற்றிப் படித்துப் பாருங்கள், உங்கள் வீட்டம்மா கிண்டலை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ் வாத்தியார் வருவார், அவருக்காகவே படிக்கலாம். பின்பாதியில் வேதாந்தம் ஏறிக்கொள்ளும், அங்கே கொஞ்சம் வேகமாகப் புரட்டுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் இதெல்லாம் இந்த வருஷம் வேண்டாம்.

பக்கம் தாண்டலாமா என்று கேட்டீர்கள். தாண்டலாம், மூடியும் வைக்கலாம். நூலகர்கள் எல்லோரும் முதல் வருஷமே மனப்பாடம் செய்யும் ஐந்து விதிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் புத்தகமாகக் கொடுத்தது, உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றைக்கும் அதுதான் பாலபாடம். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உங்களுக்கு ஒத்துவராத புத்தகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் வாசகர் வருவதைத் தடுக்காதீர்கள் என்று அர்த்தம் என்பேன், ரங்கநாதன் ஒத்துக்கொள்வாரோ என்னவோ. டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலை நான் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டவள், நூலகத்தில் உட்கார்ந்துகொண்டே. ஓய்வு பெற்றபிறகு டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பில்தான் முடித்தேன், அதிலும் டால்ஸ்டாய் கதையை ஓரம் வைத்துவிட்டு வரலாறு என்றால் என்ன என்று பிரசங்கம் செய்யும் கடைசிப் பகுதியை இன்றுவரை படிக்கவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இந்தப் பட்டியல்களில் அக்கிரகாரமும் அரண்மனையும்தான் நிறைய. படிக்கும்போது யாரோ வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று வியாசர்பாடியில் ஒரு பையன் என்னிடம் சொன்னான். நியாயம்தான். அவனுக்குப் பூமணியின் 'பிறகு' நாவலைக் கொடுத்தேன், 1979ல் வந்தது, செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை. நாலு நாளில் திருப்பிக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல், இதே மாதிரி இன்னொன்று கொடுங்கள் என்று நின்றான்.

பழைய நாவலோடு சண்டையும் போடலாம், அதுவும் சந்தோஷம்தான். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் ஒரு அக்கா வாராவாரம் வருவார், எட்டாம் வகுப்புவரை படித்தவர். தகழியின் செம்மீன் கொடுத்தேன், சுந்தர ராமசாமி தமிழில் செய்தது. கடலுக்குப் போனவன் பத்திரமாகக் கரைக்கு வருவது கரையில் இருக்கிற பெண்சாதியின் ஒழுக்கத்தில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கைமேல் நிற்கிற கதை, நாயகி கறுத்தம்மா, அவள் காதலன் பரீக்குட்டி. பத்து நாள் கழித்து வந்தார், கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மேஜையில் டப்பென்று வைத்தார். "கடலு, வல, கடன்காரன் எல்லாம் கரெக்டா எழுதிக்கிறாரு மேடம். ஆனா காத்து அடிச்சி போட்டு கவுந்தா அதுக்கும் கறுத்தம்மாதான் காரணமா? என் வூட்டுக்காரு போன வருஷம் ரெண்டு நாளு கரைக்கு வரல. இன்ஜின் ரிப்பேரு!" நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே நின்று அரைமணி நேரம் பேசினார். நான் தடுக்கவில்லை. கடைசியில் இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று புதுப்பித்துக்கொண்டு போனார், பரீக்குட்டி பாடுகிற இடம் மறுபடி படிக்கணுமாம்.

இங்கிலீஷில் மூலத்தையே படிக்கவில்லையே என்று உங்கள் சிநேகிதர் அடுத்து ஆரம்பித்தால், ருஷ்ய நாவலுக்கு இங்கிலீஷும் மொழிபெயர்ப்புதான் என்று சொல்லிவிட்டு டீ சாப்பிடப் போங்கள்.

வண்டியில் வைக்கும் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுவிடுங்கள், டீசல் கறையும் வியர்வையும் காகிதத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். டேஷ்போர்டில் வெயில் படும்படி வைத்தால் ஒரே கோடையில் பசை இளகிப் பக்கம் பக்கமாகக் கழன்று வரும், சீட்டுக்குப் பின்னால் வைப்பது நல்லது. 'தண்ணீர்' எந்தப் பக்கத்தில் நின்றது என்று ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். நிற்கவில்லை என்றால், அதில் வரும் ஒரு டீச்சர், ஜமுனாவிடம் பேசும் இடம் வருமே, அதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள், எனக்கு அதில் இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது.